குமிழ் நடுவில் நின்றது

பிளாஸ்டிக்கை நான் நம்புவதில்லை. இரும்பு கெடும் முன் துரு காட்டும். ரப்பர் வெடிக்கும் முன் கோடு காட்டும். கட்டை உளுத்துப்போனால் தட்டும்போதே சத்தம் மாறும். பிளாஸ்டிக் மட்டும் கடைசி வரைக்கும் பளபளவென்று இருந்துவிட்டு ஒருநாள் பட்டென்று கைவிடும். அதனால் என் மாப்பிள்ளை ஒரு பை நிறையப் பிளாஸ்டிக் சில்லுகளைக் கொண்டுவந்து என் கடை மேசையில் கொட்டியபோது எனக்கு எரிந்தது.

என் கடை என்றால் பஞ்சர் கடை. மாடியில் வீடு, கீழே கடை. லாரி டயரெல்லாம் கழற்றி மாட்டிய காலம் போய்விட்டது. இப்போது காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று ஏதாவது ஒன்று வரும். வராவிட்டாலும் தெருவில் போகிறவனைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கலாம். எனக்கு அது போதும்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி காய்கறிப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் இடறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். படி ஏறக்கூடாது என்றார்கள். மாடி வீட்டுக்காரிக்குப் படி ஏறக்கூடாது என்றால் எங்கே போவாள்? கடைக்குள்தான் கட்டில் போட்டேன். கடைக்கு உள்ளிருந்தே போகிற மாதிரி பாத்ரூம் இருக்கிறது, சந்து வழியாக வந்துபோக ஒரு கதவும் இருக்கிறது. கட்டிலைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டு, குறுக்கே ஒரு துணியைக் கட்டிவிட்டேன். முன்பக்கம் என் ஸ்டூலுக்கும் தண்ணித் தொட்டிக்கும் இடம் மிஞ்சியது. ஷட்டரும் திறந்திருந்தது.

ஒன்றை மறந்துவிட்டேன். டியூபைத் தொட்டியில் முக்கி ஓட்டை தேடும்போது தண்ணீர் சிந்தும். சிந்தியது தெருவுக்கு ஓட வேண்டும் என்று, பின்சுவரிலிருந்து ஷட்டர் வரைக்கும் தரையைச் சரிவாகப் போடச் சொல்லி கொத்தனாரின் தலைமேல் நின்றவன் நான்தான். தண்ணீருக்கு நல்ல தரை. கட்டிலுக்கு இல்லை.

"ஏங்க, பூசணிக்கா மாதிரி உருள்றேங்க" என்றாள் படுத்த கொஞ்ச நேரத்தில்.

"உருளாம படு."

"நானா உருள்றேன்? உங்க தரை உருட்டுது."

பழைய டயரை வெட்டி ஷட்டர் பக்கத்துக் கால்களுக்கு அடியில் மடித்து வைத்தேன். ரப்பர் அமுங்கும், பிறகு எழும்பும். அவள் இருமினால் கட்டில் படகு மாதிரி ஆடியது. மறுநாள் என் மகள் வந்து பார்த்துவிட்டு, ஒரு விரலால் கட்டிலை அழுத்தினாள். ஆடியது.

"இது என்னப்பா, கட்டிலா தொட்டிலா?"

"சரி பண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

"நீங்க பண்ற லட்சணம் தெரியுது. நாளைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸம்மா வர்றாங்க. அம்மா யாரும் தொடாம தானா எறங்கி, வாக்கரப் புடிச்சு பாத்ரூம் போயிட்டு வந்து படுக்கணும். அவங்க சரின்னு சொன்னா இங்க இருக்கட்டும். இல்லன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"உன் வீட்டுல எடம் எங்க இருக்கு?"

"அம்மாவுக்கு இருக்கு."

எனக்கு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். அவள் அம்மா மாதிரிதான், எதையும் வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது.

கிழவனுக்குச் சோறாக்கிப் போட ஆள் வேண்டும், அதற்குத்தான் இந்தக் குதி குதிக்கிறான் என்று தெருவில் பேசுவார்கள். பேசட்டும். சோறு நானே ஆக்கிக்கொள்வேன். ஆனால் மகள் வீடு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். வாரத்துக்கு ஒருநாள் விருந்தாளி மாதிரி போய், மகள் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று என் வீட்டுக்காரியிடமே நலம் விசாரித்துவிட்டு வர வேண்டுமா? அது மாதிரி ஒரு பிழைப்பு எனக்கு வேண்டாம்.

அன்று சாயங்காலம்தான் மாப்பிள்ளை அந்தப் பையோடு வந்தார். வீடு வீடாகப் போய்ச் சமையலறை அலமாரி பொருத்துகிற கம்பெனியில் அவருக்கு வேலை. கத்திப் பேசமாட்டார். அதுவும் எனக்குப் பிடிக்காது. கத்தாத ஆள் உள்ளே என்ன நினைக்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சில்லுகள் சிவப்பு, நீலம், கறுப்பு என்று கலர் கலராக இருந்தன.

"என்ன மாப்பிள்ளை, கேரம் வெளையாடப் போறோமா?"

"ஷிம் மாமா. நம்ம ஆப்புதான், பிளாஸ்டிக்ல வருது."

"எனக்கு வைக்கத்தான எடுத்துட்டு வந்திருக்கீங்க."

சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்திருந்த என் வீட்டுக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கெட்டியா வைங்க மாப்பிள்ளை. லேசா வச்சா அவருக்கு ஒறைக்காது."

அவர் இரண்டு சில்லுகளை எடுத்துக் காட்டினார். ஒரு முனை தடிமன், மறு முனை பிளேடு மாதிரி மெல்லிசு. ஒன்றின் தடித்த முனை மற்றதன் மெல்லிய முனைமேல் வருகிற மாதிரி எதிரெதிராக வைத்தார். உள்ளே தள்ளினால் உயரம் கூடியது. வெளியே இழுத்தால் குறைந்தது. மேல்பக்கம் மட்டும் எப்போதும் தட்டையாகவே நின்றது.

"ஒண்ண மட்டும் செருகினா கால் ஒரு ஓரத்துல நிக்கும், வழுக்கிரும். ஜோடியா வச்சாதான் முழுக்காலும் உக்காரும் மாமா."

"இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு? எங்கிட்ட கட்டை இருக்கு. லாரியையே கட்டையில நிறுத்துனவன் நான்."

"லாரி ராத்திரியில பொரண்டு படுக்காது மாமா."

என் வீட்டுக்காரி மறுபடியும் சிரித்தாள். எனக்குக் காது சூடானது.

"அதோட இது நீங்க தண்ணி ஊத்தற தரை. கட்டை ஊறும், காஞ்சா சுருங்கும். இது ஊறாது, அமுங்காது."

"உங்க கம்பெனி போட்ட அலமாரியில எத்தன கதவு தொங்குதுன்னு நான் கேட்டனா?"

அவர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். தரையில் குந்தி அதைக் கட்டிலின் குறுக்குச் சட்டத்தில் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழ் பின்சுவர்ப் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. நான் ஜாக்கியை எடுத்தேன். கட்டிலின் ஷட்டர் பக்கத்துக் காலை ஜாக்கி வைத்துத் தூக்க, அவர் என் டயர்த் துண்டை உருவிவிட்டு, அடியில் தட்டையான தடித்த பிளாஸ்டிக் துண்டுகளை அடுக்கி, மேலே ஆப்பு ஜோடியைச் செருகினார். அடுத்த காலுக்கும் அப்படியே. நான் இறக்குவேன், அவர் குமிழைப் பார்ப்பார்.

"இன்னும் ஒரு நூல் தூக்கணும்" என்பேன். ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம்.

"அரை நூல் போதும் மாமா."

"ஒரு நூல்னா ஒரு நூல்."

"நான் ஒரு தடவ உக்காந்து பாக்கட்டுமா?" என்றாள் வீட்டுக்காரி.

"பொறு. மட்டம் பாக்கறோம்ல."

மறுபடி தூக்கி, மறுபடி இறக்கி, சில்லைச் சுத்தியல் பிடியால் ஒரு தட்டு. குமிழ் நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்தது.

"உக்காந்தா தெரியும்ங்க எனக்கு" என்றாள்.

"அவ்வளவுதான் அத்தை, முடிஞ்சிருச்சு" என்றார் மாப்பிள்ளை, குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரி. ரெண்டு பேரும் வெளையாடி முடிச்சதும் சொல்லி அனுப்புங்க."

குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. நான் கட்டிலை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. முழங்காலை முட்டுக்கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. பிளாஸ்டிக் நின்றது எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் மாப்பிள்ளைக்கு நானே டீ ஊற்றிக் கொடுத்தேன். மிச்சச் சில்லுகளில் சிலதை அவர் மருந்து மேசைக்கு வைத்தார். மாடிக்குப் போய், தண்ணீர் பிழியும்போதெல்லாம் குதித்துக்கொண்டு கதவு வரைக்கும் வந்துவிடுகிற துணி துவைக்கும் மிஷினுக்கும் வைத்துவிட்டு வந்தார். மகள் தான் வாங்கி வந்த புது மெத்தையை விரித்து, அம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்தாள். வீட்டுக்காரி உருளவில்லை. தூங்கினாள். இனி எவன் கூட்டிக்கொண்டு போவான் பார்க்கலாம் என்று நானும் தூங்கினேன்.

மகளும் மாப்பிள்ளையும் வந்து நின்ற கையோடு நர்ஸம்மாவும் காலையிலேயே வந்துவிட்டார். நல்ல மாதிரி, ஆனால் காலில் அவசரம்.

"எங்க, நீங்களா எழுந்து உக்காருங்கம்மா பாக்கலாம். யாரும் தொடாதீங்க."

என் வீட்டுக்காரி முழங்கையை ஊன்றி எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு காலையும் ஷட்டர் பக்கம் திருப்பித் தொங்கப் போட்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மகளைப் பார்த்தேன். பாத்தியா என்கிற மாதிரி பார்த்தேன்.

கால் தொங்கியது. தொங்கிக்கொண்டே இருந்தது. அவள் குள்ளம். மெத்தையோ புதுசு, தடி. அதற்குமேல் அந்தப் பக்கத்துக் கால்களைத்தான் இரண்டு விரல் உயரம் நாங்கள் தூக்கி வைத்திருந்தோம். அவள் பெருவிரல் காற்றில் தரையைத் துழாவியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முன்னால் நகர்ந்தாள். மெத்தை விளிம்பு சறுக்கியது. வாக்கர் எட்டிப் போய்விட்டது. "ஐயோ" என்று அவள் போட்ட சத்தத்தில் நர்ஸம்மா அக்குளில் கை கொடுத்துத் தாங்காவிட்டால் கம்பி வைத்த இடுப்பு மறுபடி தரைக்குப் போயிருக்கும்.

படுக்க வைத்துவிட்டு நர்ஸம்மா மூச்சு வாங்கினார். "கட்டில் ஏன் இந்தப் பக்கம் இவ்வளவு ஒசரமா இருக்கு? யாரு தூக்கி வச்சது?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன்.

"இப்படின்னா நான் சரின்னு சொல்ல முடியாதும்மா" என்று மகளிடம் சொன்னார்.

மகள் உடனே பையை எடுத்தாள். அழுதாள், ஆனால் பையை எடுத்தாள். "அம்மா துணியெல்லாம் எங்கப்பா இருக்கு?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"வேணும்னே வச்சிருக்கான்! எனக்குத் தெரியும். நீ சொல்லிக் குடுத்திருக்க, அவன் தூக்கி வச்சிருக்கான். எறங்க முடியாதபடி தூக்கி வச்சா கூட்டிட்டுப் போயிடலாம்ல? சிரிச்சுக்கிட்டே வந்து சிரிச்சுக்கிட்டே வச்சுட்டான்!"

"அப்பா! யாரைப் பேசறீங்க?"

"அவனைத்தான் பேசறேன்!"

மாப்பிள்ளை நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "மாமா, ஜாக்கி அடிச்சது யாரு?"

"நான்தான் அடிச்சேன். நீ சொன்னதுக்கு அடிச்சேன்."

"நான் அரை நூல் போதும்னேன். ஒரு நூல்னா ஒரு நூல்னு நின்னது யாரு? காலையில எழுந்து இங்க வந்து திட்டு வாங்கணும்னு எனக்குத் தலையெழுத்தா? லீவு சொல்லிட்டு வந்திருக்கேன் மாமா நான்."

"யாரு ஒன்ன வரச் சொன்னா?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!"

என் வீட்டுக்காரி கட்டிலில் கிடந்தபடியே வாக்கரை எட்டிப் பிடித்துத் தரையில் இடித்தாள். அவள் இப்படிக் கத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

"நேத்து பூரா ஒரு குழாயக் கட்டிக்கிட்டு அழுதீங்க ரெண்டு பேரும். படுக்கப் போறவ நான், எறங்கப் போறவ நான். உக்காந்து பாக்கட்டுமான்னு கேட்டேன், பொறுன்னீங்க. மறுபடி சொன்னேன், முடிஞ்சிருச்சு அத்தைன்னார் அவரு. அந்தத் தண்ணிக் குமிழுக்கு இருந்த மரியாதை என் காலுக்கு இல்ல. இப்ப யாரு வச்சா, எவன் வச்சான்னு சண்ட வேற."

நான் ஜாக்கியைத் தூக்கினேன். "எடுத்துடறேன். எல்லாச் சனியனையும் உருவிடறேன்."

"உருவிட்டா? நான் மறுபடி உருண்டு உங்க தொட்டியில விழவா? வைங்க அதைக் கீழ." அவள் தலையைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்தாள். "இந்தப் பக்கத்துக் காலுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"அதுக்கு ஒண்ணும் வைக்கல அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப இந்தப் பக்கம் எறங்கினா எட்டும்ல?"

அவர் குனிந்து கட்டிலின் இரண்டு பக்க உயரத்தையும் சாண் வைத்துப் பார்த்தார். எழுந்து அறையைப் பார்த்தார். பிறகு ஷட்டரைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாயைத் திறக்கத் தயங்கினார்.

"சொல்லுங்க, என்ன?" என்றேன்.

"சுவர் பக்கம் எறங்கணும்னா அங்க வாக்கர் திரும்ப எடம் வேணும். கட்டில் முன்னால போகணும். ஷட்டரோட ஒட்டி."

ஷட்டரோடு ஒட்டிக் கட்டில் கிடந்தால் ஷட்டரைத் தூக்க முடியாது. தூக்கினால் தெரு அவள் முதுகில் இருக்கும். படுத்துக் கிடக்கிற பொம்பளையைப் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டு நான் பஞ்சர் ஒட்ட முடியுமா?

"பக்கத்துத் தெருவுல ஒருத்தருக்குப் புண்ணு கட்டணும்" என்றார் நர்ஸம்மா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "கட்டிட்டு இப்படியே வரேன். அதுக்குள்ள முடிஞ்சா ஒரு தடவ பாத்துடலாம்."

அவர் போனதும் நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வேறு எப்படிப் போடலாம் என்று யோசித்தேன். குறுக்கே போட்டால் பாத்ரூம் கதவு திறக்காது. மூலையில் போட்டால் வாக்கர் திரும்பாது. எவன் கட்டினான் இந்த அறையை என்று திட்ட வாயெடுத்தேன். நான்தான் கட்டினேன்.

"ஏங்க" என்றாள் வீட்டுக்காரி. "கடை வேணும்னா வச்சுக்குங்க. நான் அவகூடப் போறேன். கோவமாச் சொல்லல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். கோபமில்லாமல் சொன்னாளே, அதுதான் எனக்கு வெறியை ஏற்றியது. எழுந்து ஸ்டூலை ஒரு உதை விட்டேன். சந்துக் கதவு வரைக்கும் போய் விழுந்தது. தொட்டியை இழுத்தேன். பாதித் தண்ணீர் என் காலில் கொட்டி, நான் போட்ட சரிவில் அழகாகத் தெருவுக்கு ஓடியது. அது ஒன்றுதான் அந்த வீட்டில் சொன்னபடி நடந்தது. பிறகு ஷட்டரைப் பிடித்து, மொத்தத் தெருவும் திரும்பிப் பார்க்கிற மாதிரி இழுத்து இறக்கினேன்.

"என்ன மரம் மாதிரி நிக்கறீங்க மாப்பிள்ளை? புடிங்க அந்தப் பக்கம்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பிடித்தார். வீட்டுக்காரியை நாற்காலிக்கு மாற்றிவிட்டுக் கட்டிலை நகர்த்தினோம். மறுபடி ஜாக்கி, மறுபடி தடித்துண்டு, மேலே ஆப்பு ஜோடி. ஷட்டர் ஓரத்தில் தரை இன்னும் கொஞ்சம் சாய்வு. குமிழ் நடுவுக்கு வரமாட்டேன் என்றது. மாப்பிள்ளை ஒரு சில்லைக் கூடுதலாக எடுத்தார்.

"குமிழ் கெடக்கட்டும்" என்றேன். "அவள உக்கார வைங்க."

மகள் பிடித்துக்கொள்ள, பின்சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். குதிகால் ஒட்டவில்லை, முன்பாதம் மட்டும் பட்டது.

"இந்த மெத்தை வேணாம். பழசப் போடுங்க" என்றாள். போட்டோம். இரண்டு பாதமும் தரையில் தட்டையாக உட்கார்ந்தன. அப்படியே படுத்துப் பார்த்தாள். "இப்ப லேசா ஷட்டர் பக்கம் தள்ளுது. அந்தக் காலை ஒரு நூல் தூக்குங்க."

மாப்பிள்ளை ஆப்பை ஒரு தட்டு உள்ளே தட்டினார்.

"இன்னொரு துளி. ம், போதும்."

ரசமட்டத்தை நான் எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.

நர்ஸம்மா திரும்பி வந்தபோது அவள் தானாகப் புரண்டாள், தானாக உட்கார்ந்தாள். பாதத்தை ஊன்றி, வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். நாங்கள் மூவரும் கையை நீட்டினோம். "தொடாதீங்க" என்று நர்ஸம்மா அதட்டினார். தையல் இழுக்கிற வலியில் அவள் உதடு கோணியது. நடந்தாள். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வெளியே வந்தாள், உட்கார்ந்தாள், படுத்தாள்.

"இங்கயே இருக்கட்டும்" என்றார் நர்ஸம்மா. "ஆனா பக்கத்துல எப்பவும் ஆள் வேணும்."

"நான் என்ன, ஆள் இல்லையா?" என்றேன்.

அவர் போனார். மகள் பையைக் காலி செய்து துணிகளை மடித்து வைத்தாள். மாப்பிள்ளை மிச்சச் சில்லுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் இவன்னு பேசினீங்க."

"பேசினேன். அதுக்கு?"

"அதுக்கு என்னவா? போய்ப் பேசிட்டு வாங்க. இல்லன்னா அவ மடிச்சு வச்ச துணிய மறுபடி பையில போடச் சொல்லுவேன்."

சொன்னால் செய்வாள். சந்து வழியாகப் போனேன். மாப்பிள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வண்டியின் முன் டயரை அழுத்திப் பார்த்தேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

"சாப்பிட்டுட்டுப் போங்க மாப்பிள்ளை."

"நேரமாச்சு மாமா. அரை நாளாவது வேலைக்குப் போகணும்."

"கோவமா?"

"ஆமா மாமா" என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி உள்ளே காலை வைக்கிறேன், ஷட்டரில் யாரோ தடதடவென்று தட்டினார்கள். அவள் தலைமாட்டில் இடி விழுந்த மாதிரி இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். நான் மறுபடி சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பேப்பர் போடுகிற ஆள், பின் சக்கரம் தரையோடு படிந்த சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான்.

"தட்டாதய்யா! அறிவிருக்கா? உள்ள ஆள் படுத்திருக்கு!"

"எனக்கென்ன தெரியும்? டயர் தொங்குது, கடை இருக்குன்னு தட்டினேன். எப்ப தொறப்பீங்க?"

"தொறக்க மாட்டேன். முக்குல ஒருத்தன் இருக்கான், அங்க போ. டியூப உன் கண்ணு முன்னாடி தண்ணியில முக்கச் சொல்லு. இல்லன்னா ஒரு ஓட்டைய மூணுன்னு சொல்லுவான்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். ஷட்டருக்கு மேல் கொக்கியில் பழைய டயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் போர்டு எழுத மாட்டார்கள், டயர்தான் போர்டு. அது தொங்குகிற வரைக்கும் இப்படி எவனாவது தட்டிக்கொண்டுதான் இருப்பான். ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏறினேன். கொக்கி துருப்பிடித்து டயரை விடமாட்டேன் என்றது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். டயர் கழன்று வந்தது. உள்ளே தேங்கி நாறிக் கிடந்த மழைத்தண்ணீர் அத்தனையும் என் தலையில் கொட்டிச் சட்டைக்குள் இறங்கியது.

நல்ல கெட்ட வார்த்தை ஒன்று வாய் வரைக்கும் வந்தது. ஷட்டருக்கு அந்தப் பக்கம் அவள் இப்போதுதான் கண்ணை மூடியிருப்பாள். பல்லைக் கடித்து அதை விழுங்கினேன்.